தொங்கிப் பார்க்காத ஒரு ரேக்

சுவரில் ரேக் மாட்டுகிறவனுக்கு வேலை முடிந்தது என்று ஒரு நாளும் கிடையாது. மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் அவனுக்கு உண்மையான வேலையே ஆரம்பிக்கிறது. சோற்றைப் பிசையும்போது, 'அந்த ஓரத்து ஸ்குரு சுவரைச் சரியாகக் கடித்ததா?' என்று ஒரு கேள்வி வரும். குளிக்கும்போது வரும். கோயிலில் கண்ணை மூடினால் கட்டாயம் வரும்.

உங்கள் வீட்டுக் குசினியிலும் தலைக்கு மேலே ஒரு ரேக் இருக்கும். அதன் கீழே நின்று வெங்காயம் நறுக்கும்போது, 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு, கத்தியோடு அப்படியே அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். பல்லி என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். அந்தப் பெருமூச்சு வருவதற்கு முன்னால் ஒரு நொடி வயிற்றைக் கலக்குமே, அதிலேயே குடியிருக்கிறவன் நான். அதனால் நீங்களும் நானும் உறவுக்காரர்கள்தான்.

கோல சிலாங்கூரில் இருந்துகொண்டு, வடக்கே சுங்கை பெசார் வரைக்கும், இந்தப் பக்கம் ஈஜோக் தோட்டங்கள் வரைக்கும், குசினியில் இடம் போதவில்லை என்று யார் கூப்பிட்டாலும் நானும் என் மச்சான் குணாவும் வேனை எடுத்துக்கொண்டு போய் நிற்போம். குணா என் மனைவியின் அண்ணன். ஸ்குரு கடிக்கிறதா என்று நான் சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் அடுத்து எந்தக் கடையில் தேத்தண்ணி குடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கவலைப்பட்டுவிடுவதால் அவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

ஜன்னல் வழியே பார்த்தவர்

எனக்கென்று ஒரு வேலை முறை உண்டு. ரேக்கை மாட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, தூசியைத் துடைத்த பிறகு, பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, முழு உடம்பையும் தொங்கவிடுவேன். வலது ஓரம், இடது ஓரம், நடு, மூன்று இடத்திலும். நான் கொஞ்சம் பருமனான ஆள். என்னைத் தாங்குகிற பலகை உங்கள் மசாலா டப்பாக்களைத் தாங்காதா? இப்படித் தொங்கிவிட்டு வந்த வீடுகளைப் பற்றி நான் பாதிதான் கவலைப்படுவேன்.

ஒரு செம்பனைத் தோட்டத்தில் பழைய லயத்து வீடு, தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. அங்கேயெல்லாம் சுவர் கீழ்ப்பாதி செங்கல், மேல்பாதி பலகை. ரேக் வர வேண்டிய இடமோ பலகை. உள்ளே சட்டம் எங்கே ஓடுகிறது என்று விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கண்டுபிடித்து, இரும்புத் தாங்கிகளை அதில் முடுக்கினேன். வீட்டுக்கார அம்மா வாசலில் யாரிடமோ பேசப் போயிருந்தார். குணா வேனில் இருந்தார். நான் வழக்கம்போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, காலை மடக்கித் தொங்கினேன். பலகை 'கிறீச்' என்றது. இன்னும் கொஞ்ச நேரம் தொங்கலாம் என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போட வந்தவர், ஜன்னல் வழியாக என் முதுகைப் பார்த்துவிட்டார். லயமே கூடிவிட்டது. அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது: "யக்கா, ஓடியா! ஒன் குசினியில ஒரு ஆம்பள தொங்குறாரு!"

லேசான சாமான்

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, "என்ன வைக்கப்போறீங்க?" என்பதுதான். பதில் எல்லா வீட்டிலும் ஒன்றே. லேசான சாமான்தான். கனமான சாமான் வைத்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்ட குடும்பத்தை நான் இதுவரை சந்தித்ததில்லை.

ஜெராமில் கடலோரமாக ஒரு முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரர் உணவகம் நடத்துகிறார். அவர் மனைவியை ஊரே ராத்தா, அதாவது அக்கா என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். உப்புக் காற்றில் ஸ்குரு துருப்பிடித்துவிடுமே என்று பயந்து, துருப்பிடிக்காத சாமானாகப் பார்த்து மாட்டினேன். "ரெண்டு பீங்கான், நாலு கோப்பை, அவ்வளவுதான் தம்பி" என்றார். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு ரேக் மாட்டக் கூப்பிட்டார்கள். குசினிக்குள் கால் வைத்ததும் எனக்குப் பக்கென்றது. ரேக்கின் மேல், கல்யாணத்துக்குப் பிரியாணி ஆக்குகிற தேக்சா. அதற்குள் இன்னொரு தேக்சா. அதற்குள் இன்னொன்று. மேலே மூடிகள் கோபுரமாக நின்றன. ரேக் ஆடாமல் அசையாமல் இருந்தது, நான்தான் ஆடினேன். "என்ன ராத்தா இது, லேசான சாமான்னு சொன்னீங்களே?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் காலிப் பாத்திரந்தானே தம்பி? உள்ள சோறா இருக்கு?"

சாமி ஏறியது

இனி ஈஜோக் கதைக்கு வருகிறேன். உண்மையில் இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

புனிதாவும் அவர் கணவர் கணேசனும் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, ஈஜோக்கில் ஒரு தாமானில், அதாவது வீட்டுக் குடியிருப்பில், சொந்தமாக வீடு வாங்கியிருந்தார்கள். வரிசையில் கடைசி வீடு. கணேசன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஒரே மகள் தர்ஷினி, அந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தவள். புது வீட்டில் பால் காய்ச்சுவதற்குள் குசினியில் மிளகாய்த்தூள், மல்லித்தூள் டப்பாக்கள் வைக்க ஒரு ரேக் இருக்க வேண்டும் என்று புனிதா சொன்னதால், அன்று காலையிலேயே நானும் குணாவும் போய்விட்டோம். கூடத்தில் வைக்க வேண்டிய சாமி அலமாரி கிள்ளானிலிருந்து வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டே இருந்தது. புனிதா ஒரு கையில் பால் சட்டியும் ஒரு கையில் கைப்பேசியுமாக அலமாரிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது, அடுத்தது ராகு காலம்.

என் ரேக்கோ முடியும் கட்டத்தில் இருந்தது. இரண்டு தாங்கி, நாலு ஸ்குரு. மூன்று கடித்துவிட்டது. நாலாவது, வலது பக்கத்து மேல் ஸ்குரு, கடித்தது போலவும் இருந்தது, கடிக்காதது போலவும் இருந்தது. முடுக்கினால் இறுகி வந்து, கடைசியில் லேசாக வழுக்கியது. அந்த இடத்தில் சுவர் உள்ளே பொக்கையாக இருக்கலாம். தொங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், சரியில்லை என்றால் கழற்றி, வேறு இடத்தில் துளை போட்டுக்கொள்ளலாம். டிரில்லைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். அதற்குள் ரேக்கில் முருகன் இருந்தார். பிள்ளையார் இருந்தார். லெட்சுமி இருந்தார். பக்கத்தில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கற்பூரம் காட்டிவிட்டார்கள். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கை கூப்பி நின்றார்கள். குணாவும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ரேக்குக்கு நேர் கீழே ஒரு மேசை. தர்ஷினி தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, சரியாக அந்த வலது ஓரத்துக்குக் கீழே உட்கார்ந்து, வண்ணப் பென்சிலை எடுத்தாள். புனிதாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, அதுல ஒரு ஸ்குரு சந்தேகமா இருக்கு. நான் இன்னும் தொங்கிப் பாக்கல. ஒரு நிமிஷம் படத்தையெல்லாம் எடுத்தீங்கன்னா..." என்று இழுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. "என்னண்ணே பேசுறீங்க? சாமி ஏறிட்டாரு. பால் காச்சுற நாள்ல ஏறின சாமிய யாராச்சும் எறக்குவாங்களா?"

மிளகாய்த்தூள் இருக்குமிடம்

மறுநாளே கூப்பிட்டுக் கேட்டேன். கிள்ளான் அலமாரி வந்துவிட்டது என்றார் புனிதா. எனக்குப் போன உயிர் திரும்பியது. சாமி கூடத்துக்குப் போய்விடுவார், நான் போய்த் தொங்கிவிடலாம் என்று வேனை எடுத்துக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால், தேக்கு மரத்தில் மணியெல்லாம் தொங்கவிட்டுச் செய்த அந்த அழகான சாமி அலமாரிக்குள், மிளகாய்த்தூள் டப்பாவும் மல்லித்தூள் டப்பாவும் கருவாட்டுப் பொட்டலமும் இருந்தன. முதலில் உட்கார்ந்த இடத்தை விட்டுச் சாமி நகரமாட்டாராம்.

நானும் விடவில்லை. அடியில் இன்னொரு தாங்கி கொடுத்துவிடுகிறேன் என்றேன். சாமி காலுக்குக் கீழே டிரில் போட்டு அதிர வைப்பதா என்றார் புனிதா. மேசையையாவது அந்தப் பக்கம் தள்ளுங்கள் என்றேன். அங்கே போட்டால் பிள்ளை தெற்கே பார்த்துப் படிக்க வேண்டியிருக்கும், இங்கேதான் கிழக்கு என்றார். ஒரு கட்டையைச் செருகி முட்டுக் கொடுக்கட்டுமா என்றேன். புது வீட்டில் முட்டுக்கட்டையா என்றார். வீட்டுக்காரரிடமே பேசிவிடுவோம் என்று வெளியே போனேன். கணேசன் லோரியைக் குசினிச் சுவருக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, என்ஜினைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். சுவரில் கை வைத்துப் பார்த்தேன், பூனை உறுமுவது போல அதிர்ந்தது. என் பயத்தையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "எனக்கு லோரிதாண்ணே தெரியும். வீட்டுக்குள்ள அவதான் டிரைவர்."

சுங்கை பெசாரில் ஒரு ஊற்று

கவலைப்படுகிறவன் ஒரு நேரத்தில் ஒரு சுவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். சுங்கை பெசாரில் வயல் பக்கமாக, ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரின் வீடு. ஆசிரியர் வெளியே போயிருந்தார், அவர் மனைவி மட்டும் இருந்தார். நான் டிரில்லைப் பிடித்துக்கொண்டிருந்தது சுங்கை பெசாரில், புத்தி இருந்தது ஈஜோக்கில். குழாய் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்க்காமல் துளை போடுகிறவன் நான் இல்லை. அன்று பார்க்கவில்லை. 'சர்' என்று தண்ணீர் என் மூக்கிலேயே அடித்தது. குணா முதல் முறையாக வேகமாக நடந்து நான் பார்த்தேன், அதுவும் தன் செருப்பை எடுத்து ஓரமாக வைப்பதற்காக.

நான் கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா, மன்னிச்சுக்குங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். தண்ணீரை நிறுத்தி, குழாயைச் சரிசெய்து, சுவரைப் பூசி, தரையைத் துடைத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. வாளியை என் காலடியில் நகர்த்தி வைத்துவிட்டு, சாவகாசமாகச் சொன்னார்: "வாத்தியாருகிட்ட இந்த ஒயரத்துல ஒரு பைப்பு வேணும்னு எத்தன வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். நீங்களாவது போட்டுக் குடுத்தீங்களே."

பக்திமான்

அதற்குப் பிறகு ஈஜோக்குக்குப் போகாமல் என்னால் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் பக்கத்தில் ஒரு வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டு புனிதா வீட்டுப் படியேறுவேன். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் குசினிக்குப் போய், ரேக்குக்கு முன்னால் நிற்பேன். தாங்கிக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பேன். பயத்தில் கை தானாகச் சேர்ந்துகொள்ளும். 'போன வாரம் இருந்த அளவேதானா, கூடியிருக்கிறதா?' என்று உதடு முணுமுணுக்கும். தாங்கியின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்ப்பேன். தொட்ட விரலைச் சும்மா எடுத்தால் என்ன நினைப்பார்களோ என்று கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

ஒவ்வொரு முறையும் ரேக்கில் புதிதாக ஏதாவது ஏறியிருந்தது. காமாட்சி விளக்கு போய்ப் பெரிய குத்துவிளக்கு வந்தது. பத்துமலையில் வாங்கிய வெண்கல வேல் வந்தது. எண்ணெய் டின் வந்தது. கீழே தர்ஷினி, தன் பாட்டுக்கு நாக்கை நீட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருப்பாள். அந்தப் பிள்ளையின் நேர் வகிட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். "வாசல்ல காத்தா இருக்கு, அங்க போய் எழுதும்மா" என்று நைச்சியமாகச் சொல்வேன். "அம்மா ஏசும் அங்கிள்" என்று சொல்லிவிட்டு எழுதுவாள். ஒரு நாள் நான் இப்படி வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தபோது, புனிதா பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட்டிவந்து, என்னைக் காட்டி மெல்லிய குரலில் சொன்னது காதில் விழுந்தது: "நான் சொல்லல? இந்த அண்ணன மாதிரி பக்தி யாருக்கும் வராது. சாமியப் பாத்தாலே ஒடம்பெல்லாம் வேர்த்துடும் அவருக்கு."

வீட்டில் வந்த கேள்வி

வெள்ளிக்கிழமை தவறாமல் குளித்து, நல்ல சட்டை போட்டு, ஈஜோக்குக்குப் போகிற மனிதனை எந்த மனைவிதான் சும்மா விடுவாள்? ரேக் என்றேன். ஒரு ஸ்குரு என்றேன். ஒரு ஸ்குருவுக்காக ஒருத்தன் இத்தனை வெள்ளிக்கிழமை போவானா என்று அவளுக்குத் தோன்றியது நியாயம்தான், எனக்கே அப்படித் தோன்றும். சாட்சிக்கு அவள் அண்ணனையே இழுத்தேன். குணா தேநீரை ஊதிக்கொண்டே, "ஆமா, கும்பிடத்தான் போறாப்ல. ரொம்ப உருகுறாப்ல" என்றார். என் மனைவி விளக்குத் திரியைக் கிள்ளிப்போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "நம்ம வீட்டு முருகனுக்கு என்ன கொற? அவரு உருக வைக்கமாட்டாரா?"

ஒவ்வொருவராக

நவராத்திரி வந்தது. எனக்கு நம்பிக்கையும் வந்தது. பூஜைக்கு முன்னால் எந்த வீட்டிலும் சாமி படங்களை இறக்கித் துடைப்பார்களே! துடைக்கிற நாளைத் தெரிந்துகொண்டு, காலையிலேயே போய் நின்றேன். எல்லாப் படமும் கீழே இறங்கியதும், "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டுத் தொங்கிவிடுவதாகத் திட்டம். சட்டைக் கையைக்கூட மடித்துவிட்டுக்கொண்டேன்.

புனிதா முருகனை இறக்கினார். துடைத்தார், சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், திரும்ப ஏற்றினார். பிறகு பிள்ளையாரை இறக்கினார். துடைத்தார், ஏற்றினார். பிறகு லெட்சுமி. நான் ஓரத்தில் நின்று, பேருந்தைத் தவறவிட்டவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். "எல்லாத்தையும் ஒண்ணா எறக்கிட்டா சுளுவா இருக்குமேம்மா?" என்று கேட்டேன். அழுகை வராத குறை. அவர் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "எடத்தக் காலியா விடக் கூடாதுண்ணே. ஒருத்தரு எறங்குனா இன்னொருத்தரு காவலுக்கு இருக்கணும்."

ஆயுத பூஜை

சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையுமாக வந்த அந்த நாளில் புனிதா கூப்பிட்டார். "அண்ணே, ஒங்க டிரில்லு, சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க. நீங்க மாட்டுன ரேக்லயே வச்சுக் கும்பிட்டுடலாம்." மறுத்தால் சாமி குற்றம், போனால் ரேக்குக்குப் பாரம். யோசித்து யோசித்து, ஒரே ஒரு ஸ்குரு டிரைவரைக் கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே ரேக்கைப் பார்த்தேன். வழக்கமான சாமானோடு, தர்ஷினியின் பள்ளிப் புத்தகங்கள் அத்தனையும் வலது ஓரத்தில் அடுக்கியிருந்தன. மேலே கணேசனின் லோரிச் சாவி. நான் ஸ்குரு டிரைவரை ஒரு பூவைப் போல மெதுவாக வைத்தேன். அப்போதுதான் குணா, வேனிலிருந்து டிரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இரும்புப் பெட்டி. "மச்சான், வேணாம், கீழ வைங்க!" என்றேன். "சாமி காரியத்துல கஞ்சத்தனம் பண்ணாத மாப்ள" என்று சொல்லிப் புத்தகங்களின் மேல் வைத்துவிட்டார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவில் புகுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி, உள்ளங்கையால் பலகையைத் தாங்கிக்கொண்டு நின்றேன். பூஜை நடந்தது. தலைக்கு மேல் கை குவித்துக் கும்பிடுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா தானும் கையை உயர்த்திக்கொண்டார். மணி அடித்தது, கற்பூரம் சுற்றியது, என் தோள் இற்றுப்போனது. பலகை என் கையில் கனப்பதை உணர முடிந்தது. 'முருகா, இந்தச் சுவரை மட்டும் பார்த்துக்கொள்' என்று மனதாரக் கும்பிட்டேன். அத்தனை வெள்ளிக்கிழமையும் வராத பக்தி அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே வந்தது. பூஜை முடிந்ததும் புனிதா சுண்டலைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். பிரசாதத்தை எப்படி வாங்காமல் இருப்பது? தலைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு எப்படி வாங்குவது? "கீழ வச்சுடுங்கம்மா" என்றேன். "பிரசாதத்தக் கீழ வைக்கிறதாண்ணே?" என்றார். இரண்டு கையையும் இறக்கி நீட்டினேன்.

என் தோளில் சுண்ணாம்புத் தூள் விழுந்தது. நான் பதறி விலக, அடுத்து ஒரு காய்ந்த சத்தம். வலது தாங்கி சுவரை விட்டு வந்தது, பலகை அந்தப் பக்கமாகச் சரிந்தது. புத்தகங்கள் வழுக்கின, அவற்றோடு டிரில் பெட்டியும். சாமி படங்கள் மூன்றும் சறுக்கி, உடையாமல் மேசைமேல் வந்து நின்றன. இடது பக்கம் எரிந்துகொண்டிருந்த விளக்கைக் குணா எப்படிப் பாய்ந்து பிடித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெட்டி நேராகத் தர்ஷினியின் நாற்காலியில் விழுந்தது. நாற்காலியின் முதுகு இரண்டாகப் பிளந்தது. நான் சுண்டலைக் கையில் இறுக்கிக்கொண்டு, தர்ஷினியைத் தேடி வாசலுக்கு ஓடினேன். புத்தகமெல்லாம் சாமியிடம் இருப்பதால் அன்று படிக்கக் கூடாது என்று, அவள் பூஜைக்குக்கூட நிற்காமல் ரோட்டில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தாள். "அங்கிள், இன்னைக்குப் படிப்பு இல்லலா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். நான் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அழுகை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் புனிதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். மகளையே பார்த்துக்கொண்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து போய் வேலையைப் பார்த்தேன். பொக்கையான இடத்தை விட்டுவிட்டு, கெட்டியான சுவராகத் தேடி, நீளமான ஸ்குருவாகப் போட்டு, நடுவில் இன்னொரு தாங்கியும் கொடுத்தேன். சாமி காலடியில் டிரில் அதிர்கிறது என்று யாரும் சொல்லவில்லை. மேசையை எதிர்ச்சுவருக்குக் கணேசன்தான் தள்ளினார், எந்தத் திசை என்று அவரும் கேட்கவில்லை. புனிதா மூன்று படங்களையும் ஒரு புதுத் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வேலை முடிந்தது. நான் பலகையைத் துடைத்துவிட்டு, நல்ல நேரம் போய்விடப்போகிறதே என்று, "வச்சுடுங்கம்மா" என்று ஒதுங்கினேன். அவர் அசையவில்லை. துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சாமியே தானா எறங்கிட்டாருண்ணே. மொதல்ல நீங்க தொங்குங்க, அப்புறந்தான் அவரு ஏறுவாரு."

இப்போதெல்லாம் புது வீட்டுக்கு யார் கூப்பிட்டாலும் நல்ல நேரம் எத்தனை மணிக்கு என்று நானே முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறேன், பால் பொங்குவதற்குள் தொங்கி முடித்துவிட வேண்டுமே!